குடிக்காத நாலு டீ

தினமும் காலை ஆறு மணிக்கு நம் நடைப்பயிற்சிக் குழுவில் ஒரு ரோஜாப்பூ வருகிறது. வெளிநாட்டுக்கே ரோஜா அனுப்புகிற ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, எங்கிருந்தோ வந்த ரோஜாப் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறீர்கள். அதுகூடப் பரவாயில்லை. அதன் கீழே ‘அந்தக் காலத்து அப்பாக்கள் பிள்ளைகளுக்காக உயிரையே கொடுத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொடுத்தார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. நாம் கேட்காத இடத்துக்கெல்லாம் கூடவே வந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

நேற்று அந்தப் படத்துக்கு எல்லாரும் வரிசையாகக் கைகூப்பியிருந்தீர்கள். நான் மட்டும் ஏன் ஒன்றும் போடவில்லை என்று உங்களில் ஒருவர் தனியாகப் போன் செய்து கேட்டார். போனில் சொன்னால் சண்டையில்தான் முடியும். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்து படியுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. ராயக்கோட்டையில் இருந்தோம். கோட்டை மலைக்குப் பின்பக்கம் அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம். அக்காவுக்குப் பத்தொன்பது. பள்ளி முடித்த கையோடு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, இங்கிலீஷ் ஹையர் பாஸ் செய்திருந்தாள். இன்ஸ்டிட்யூட்டில் மெஷினுக்கு ஒரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் அவள் விரல்கள் சும்மா இருக்காது. சாப்பிடும்போது இடது கை தொடையில் ஏ, எஸ், டி, எஃப் அடித்துக்கொண்டிருக்கும். தக்காளி பொறுக்கும்போது கூடையின் விளிம்பில் அடிப்பாள். அம்மா, “இந்தப் பொண்ணுக்கு விரல்ல சாமி வந்துருச்சு” என்பாள்.

அந்தச் சித்திரையில் மெட்ராஸிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ். மூன்றாவது மாடி. டைப்பிஸ்ட் வேலைக்கு நேரில் வரவும், காலை பத்து மணி. பேப்பரில் விளம்பரம் பார்த்து அவளே எழுதிப் போட்டிருந்தாள். அதே சமயம் சாமல்பட்டியிலிருந்து வைகாசியில் பெண் பார்க்க வருவதாக ஒரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினாள். வேலை கிடைத்தால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே இல்லை. கிடைக்காவிட்டால் சாமல்பட்டிக்காரர்கள் வந்து உட்காரும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு பெண் வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறாள். எத்தனை பேர் போகவேண்டும்? ஒருத்தி போதும். நம் பக்கம் அது நடக்குமா? அப்பா கூடப் போவது என்று ஆயிற்று. ஆம்பளை ஒருத்தரோடு வயசுப் பெண்ணை எப்படி அனுப்புவது, பொம்பளைத் துணை வேண்டாமா என்று எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, கிளம்பினாள். அந்த ஆம்பளை அவளைப் பெற்ற அப்பா என்பது யாருக்கும் தோன்றவில்லை. இப்போது மூன்று பேர் ஆகிவிட்டது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்று அத்தையே சொன்னாள். அப்படியானால் நீ நின்றுகொள் என்று யாராவது சொன்னார்களா? இல்லை. நாலாவது ஆளாக என்னைச் சேர்த்தார்கள். கடல் காட்டுகிறோம் என்று எனக்கு ஆசை காட்டினார்கள்.

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். அப்பாவுக்கு நேர்காணல் என்றால் என்னவென்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது மட்டும்தான். பெண்ணை ஓர் இடத்துக்கு அனுப்பப்போகிறோம், அந்த இடம் எப்படி என்று போய்ப் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றுதானே என்று முடிவு செய்துகொண்டார். கிளம்புகிற அன்று அவர் கட்டியது கரை போட்ட வேட்டி, கல்யாணத்துக்கு மட்டும் எடுப்பது.

அப்போதெல்லாம் கிருஷ்ணகிரி பஸ் நேராகப் பாரிமுனையில்தான் கொண்டுபோய் இறக்கும். விடிகாலையில் சேரவேண்டியது, வழியில் டயர் வெடித்ததில் எட்டரை ஆகிவிட்டது. இறங்கியதும் எனக்கு வந்த முதல் வாசனை அழுகிய வெங்காயம். அடுத்தது மிளகாய் நெடி. பக்கத்துத் தெருவில் மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை பதினைந்து தும்மல் தும்மினாள். கைவண்டிக்காரர்கள் ‘ஓரம், ஓரம்’ என்று கத்திக்கொண்டே எங்கள் கால்மேல் ஏற்றப் பார்த்தார்கள். சந்தைக்கூட்டம் எனக்குப் புதிது இல்லை, ராயக்கோட்டையில் பிறந்தவள். ஆனால் எங்கள் சந்தை மத்தியானத்தில் கலைந்துவிடும். இங்கே ஒரு தெரு முழுக்கப் பூட்டு, ஒரு தெரு முழுக்கக் காகிதம், ஒரு தெரு முழுக்கக் கண்ணாடி என்று, கலையவே கலையாது போலிருந்தது. தூரத்தில் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள் தெரிந்தன. எங்கேயோ ஒரு கப்பல் மாடு மாதிரி கத்தியது. கடல் எங்கே என்று கேட்டேன். “ஆபீஸ் முடிஞ்சதும்” என்றார் அப்பா.

குளித்துத் துணி மாற்றவே நேரம் சரியாக இருந்தது. கட்டணக் குளியலறையில் அத்தை ஒருத்தி மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். டீ குடிக்கக்கூட நேரமில்லாமல் வெறும் வயிற்றோடு ஓடினோம்.

அது பழைய வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். மரப்படிகள் நடுவில் தேய்ந்து குழியாக இருந்தன. இரும்புக் கம்பிக் கதவு போட்ட லிஃப்ட் இருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, “கோழிக்கூண்டுல நான் ஏறமாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். மூன்று மாடி ஏறினோம். அக்கா புடவை கசங்காமல் இருக்க இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே போனதும் அவளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில்.

அப்பா உட்காரவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், மாட்டுக்கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள் இல்லையா, அதை அங்கே செய்தார். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். ஜன்னல் கதவை ஆட்டிப் பார்த்தார். வாசலில் இருந்த காவல்காரரிடம், “மொதலாளி ஆளு எப்படிங்க, கோவக்காரரா?” என்று விசாரித்தார். அவர் சிரித்தார். அத்தை கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “சுவத்துல மெக்கா படம் மாட்டியிருக்குண்ணா. பாய் போல” என்றாள். அப்பா, “இருக்கட்டும், அதுக்கென்ன?” என்றார்.

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருந்த பாய்தான் அப்பாவுக்கு உயிர் சிநேகிதர். காலையில் ஒரு டீயை வாங்கி இரண்டாக ஆற்றிக் குடிப்பார்கள். சில நாள் ஒரே கிளாஸில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒருவழியாகப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது உள்ளே டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் மூன்று பேருக்கும் அது அக்காவின் சத்தம் என்று தெரிந்துவிட்டது. தடங்கலே இல்லாமல், மழை பிடித்துக்கொண்ட மாதிரி ஒரே சீராக அடித்தாள். பிறகு கதவு திறந்தது. மேனேஜர் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, அப்பா வயது இருக்கும். பின்னால் அக்கா. அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு ரப்பர் வைத்திருந்தாள். சக்கரம் மாதிரி வட்டமாக, ஒரு முனையில் நீலப் பிரஷ் வைத்தது, டைப் அடித்ததை அழிக்கிற ரப்பர். “ஒரு தப்புகூட இல்லீங்கய்யா உங்க பொண்ணு அடிச்சதுல. அழிக்கறதுக்கு வேலையே இல்ல, இருந்தாலும் வச்சுக்கன்னு குடுத்தேன்” என்றார் மேனேஜர்.

அவருக்குப் பின்னால் டீக்காரர் தட்டோடு வந்தார். நாலு கண்ணாடி கிளாஸில் டீ. ஒரு தட்டில் பிஸ்கட், நடுவில் வெள்ளை க்ரீம் வைத்தது.

“பஸ்ஸை விட்டு எறங்கி நேரா வர்றீங்களாமே. இன்னும் ஒண்ணும் குடிக்கலன்னு பொண்ணு சொல்லுச்சு. எடுத்துக்கோங்க” என்றார்.

அப்பா எழுந்து நின்று கைகூப்பினார். “இருக்கட்டுங்க. வேணாங்க.”

“அட, ஒரு வாய் குடிங்கய்யா.”

“இல்லீங்க. இப்பதான் குடிச்சிக்கினு வந்தோம்.”

உங்களுக்குப் புரிந்திருக்கும். சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. அதற்குக் காரணம் சொல்வதும் வழக்கமில்லை. நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் கைகூப்பினால் போதும். அதை மூன்றாவது மாடியில், கப்பல் ஏஜென்சி ஆபீஸில் செய்தார் என் அப்பா.

இதுவரைக்குமாவது ஒழுங்காக முடிந்திருக்கலாம். நான் இருந்தேனே, நாலாவது ஆள். எனக்குப் பசி. பிஸ்கட் தட்டு சரியாக என் மூக்குக்கு நேரே இருந்தது. கையை நீட்டிவிட்டேன். அத்தை என் தொடையில் கிள்ளினாள். மேனேஜருக்குப் புரியக் கூடாது என்று தெலுங்கில், “முட்டொத்து!” என்றாள். தொடாதே என்று அர்த்தம். நம் வீடுகளில் வெளியாளுக்குத் தெரியாமல் பேச ஆளுக்கு ஒரு பாஷை வைத்திருக்கிறோமே, அந்தப் பழக்கம்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அப்புறம் தட்டைப் பார்த்தார். “சரிங்க” என்றார். அவ்வளவுதான். டீக்காரரைக் கையைக் காட்டி நிறுத்தினார். “சர்டிபிகேட் வாங்கிக்கம்மா” என்று அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நாலு டீயும் ஸ்டூலில் இருந்தன. ஆடை படிந்தது. நான் ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வெளியே வந்தபோது ரப்பரை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். நேராகப் படியில் இறங்கினாள்.

கீழே இறங்கியதும் அப்பா எங்களுக்கு ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்தார். “எடம் பரவால்ல. தண்ணி வருது. காத்தோட்டம் இருக்குது. ஆளும் மரியாதை தெரிஞ்ச ஆளு” என்றார். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது! அக்கா இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தலைவலி என்று சொன்னதால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினோம். கடல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான் பார்க்கவில்லை.

கடிதம் வரவில்லை. அப்பாதான் தினமும் தபால்காரரை நிறுத்திக் கேட்டார், அக்கா கேட்கவில்லை. அப்போதே அது எனக்கு உறைத்திருக்கவேண்டும். வைகாசி வந்தது. சாமல்பட்டிக்காரர்கள் வந்தார்கள். அக்கா ஒப்புக்கொண்டபடியே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அப்பாவுக்கும் ஏமாற்றம்தான். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. “பாத்தீங்களா, அன்னிக்கு கை நனைக்காம வந்ததே நல்லதாப் போச்சு. நனைச்சிருந்தா நமக்குல்ல அசிங்கம்” என்று ஊரெல்லாம் சொன்னார். அவர் சாகும்வரை எந்தக் கல்யாணப் பேச்சு நடந்தாலும் இந்தக் கதையை எடுத்துவிடுவார். எல்லாரும் தலையாட்டிக் கேட்பார்கள்.

அந்த ரப்பரை நான் தொலைத்தேன். அக்கா கல்யாணமாகிப் போகும்போது அதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதைக் குச்சியில் கோத்துச் சக்கரம் ஓட்டினேன். தோட்டத்து வாய்க்காலில் போய்விட்டது. அவள் மறுவீட்டுக்கு வந்தபோது முதலில் கேட்டது அதைத்தான். இல்லை என்றதும் தோட்டத்துக்குப் போய் வாய்க்கால் சேற்றில் கைவிட்டுத் தேடினாள், பட்டுப்புடவையோடு. “ஒரு ரப்பருக்கா இப்படி அழுவுற?” என்று அம்மா திட்டினாள்.

எட்டு ஒன்பது வருஷம் கழித்து நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு நேர்காணலுக்குப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. பஸ் ஏறித் தனியாகப் போனேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். இன்னொன்று வேணுமா என்றார்கள், அதையும் குடித்தேன். வேலை கிடைத்தது. முப்பத்தி ஒன்பது வருஷம் ஸ்டோர்ஸில் இருந்துவிட்டுத்தான் உங்களோடு நடக்க வந்திருக்கிறேன்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, மறுபரிசோதனைக்குச் சென்னை கூட்டிக்கொண்டு போனேன். சாமல்பட்டியில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. அத்தான் நல்ல மனிதர், நிலம் நன்றாக விளைந்தது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கும் டிவி பார்க்கும்போது அவள் இடது கை தொடையில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். டாக்டர் சீக்கிரம் விட்டுவிட்டார். “பாரிமுனைக்குப் போலாமா?” என்று கேட்டாள். மெட்ரோவில் ஏறி ஹைகோர்ட்டில் இறங்கினோம். ஊர் பஸ் அங்கே வருவதில்லை என்பது தவிர எதுவும் மாறவில்லை. அதே பூட்டுத் தெரு, அதே காகிதத் தெரு. கைவண்டிக்குப் பதிலாகக் குட்டி லாரி கால்மேல் ஏறப் பார்த்தது. கட்டடத்தை அவளே கண்டுபிடித்தாள். கீழே சீரியல் பல்பு விற்கிற கடைகள். மூன்றாவது மாடி ஜன்னலில் அரச மரம் முளைத்திருந்தது.

எதிரே டீக்கடை. அங்கே நின்றுகொண்டு நான் வழக்கம்போல அந்த மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தேன். டைப் அடித்ததைப் பாராட்டிவிட்டு வேறு யாருக்கோ வேலை கொடுத்துவிட்டான் பாவி என்று. அக்கா, “அவரைத் திட்டாத. அவரு நம்ம ஊருக்காரரு” என்றாள்.

“எந்த ஊரு?”

“கிருஷ்ணகிரி. பழையபேட்டை. உள்ள போனதும் ராயக்கோட்டையில எந்தப் பக்கம்னு தெலுங்குலதான் கேட்டாரு. கவர்ல ஊர் பேரைப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன்னாரு. வேலை உனக்குத்தான், நானே வெளிய வந்து டீ குடுத்துட்டு உங்க அப்பாகிட்ட சொல்றேன், நீ சொல்லாதன்னாரு.”

முட்டொத்து! அத்தை யாருக்குப் புரியக் கூடாதென்று சொன்னாளோ அவருக்கு அது நன்றாகப் புரிந்திருக்கிறது. வெறும் வயிறு என்று பெண் சொல்கிறாள், குடித்துவிட்டோம் என்று அப்பா பொய் சொல்கிறார், தொடாதே என்று குழந்தையைக் கிள்ளுகிறார்கள். அவர் வேறு என்ன நினைப்பார்?

“சர்டிபிகேட் குடுக்கறப்போ சொன்னாரு. ‘உங்க வீட்டுக்கு எங்க டீயே ஆகலம்மா, நீ தினமும் எங்க கூட உக்காந்து எப்படிச் சாப்பிடுவே? உனக்குத்தான் கஷ்டம்’னாரு. கோவமாக்கூட சொல்லல.”

“அதெல்லாம் இல்லீங்க, எங்க அப்பா பாய்கூட ஒரே கிளாஸ்ல குடிக்கறவர்னு சொல்ல வேண்டியதுதானே?”

“அப்ப ஏன் இங்க குடிக்கலன்னு கேப்பாரு. முடிவாகாம கை நனைக்க மாட்டாங்கன்னு சொல்லணும். அது பொண்ணு மாப்பிள்ளைக்குச் சொல்ற பேச்சு. பத்தொம்பது வயசுல ஒரு ஆம்பளை முன்னாடி தனியா நின்னுக்கினு அதை எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வரல.”

“சரி, அன்னிக்கு வரல. மீதி அம்பது வருஷம்?”

“அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்குவாரா?” என்றாள்.

தாங்கியிருக்க மாட்டார். அது உண்மை. தெரிந்திருந்தால் அந்த மேனேஜர் காலில் விழுந்திருப்பார், விழுந்து இவளுக்கு இன்னும் அவமானம் தேடிக் கொடுத்திருப்பார். அப்பாவுக்காக நான் சத்தியம் செய்வேன், அவர் மனதில் அப்படி ஒன்றும் இல்லை. அத்தைக்காகச் சத்தியம் செய்ய மாட்டேன். மெக்கா படத்தை முதலில் பார்த்தது அவள்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை தெரிந்த நாலு பேர், மூன்று பாஷை தெரிந்த ஒரு மேனேஜர். ஒருத்தராவது ஒரு பாஷையில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அக்கா அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டைப் அடித்திருப்பாள். எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அவளைத்தான் திட்டினேன், பக்கத்தில் நின்றது அவள்தான்.

அவள் காதில் வாங்காமல் டீக்காரரிடம் நாலு விரலைக் காட்டினாள். “நாலு டீ. அந்த க்ரீம் பிஸ்கட் ஒரு பாக்கெட்டு.”

“ரெண்டு பேருக்கு எதுக்குக்கா நாலு? எனக்குச் சர்க்கரை இருக்குதுன்னு தெரியாதா?”

“அன்னிக்கு நாலுதானே வந்துச்சு.”

கடைப் பலகையில் நாலு காகிதக் கப்பையும் வரிசையாக வைத்தாள். முதல் கப்பை ஊதி ஊதிக் குடித்து முடித்தாள். இரண்டாவதை எடுத்து, “இது அப்பாவோடது” என்று சொல்லிவிட்டு அதையும் குடித்தாள். “உன்னோடதையும் அத்தையோடதையும் நீ குடி. உன்னைத்தானே கிள்ளினா.”

குடித்தேன். என்ன செய்வது? டீ நன்றாகக்கூட இல்லை. பாலைவிடத் தண்ணீர்தான் அதிகம், சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தான். இந்த டீயையா அன்றைக்கு எழுந்து நின்று கைகூப்பி வேண்டாம் என்றோம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்கா பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள். நான் கையை நீட்டினேன். யாரும் கிள்ளவில்லை.